குளவி கட்டாத கூடு

பாப்பா,

இது உனக்கு எழுதும் கடிதம். ஆனாலும் இதை முதலில் படிக்கப்போகிறவர் கிள்ளானில் இருக்கும் உன் மாமனார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து நினைவஞ்சலி விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் அவர் என்று நீதான் ஒருநாள் பெருமையாகச் சொன்னாய். அந்தப் பெருமைகூட எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். அவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இதைப் பிந்துலுவுக்குத் தபாலில் அனுப்பாமல், பெயர் போடாமல், பத்திரிகைக்கு அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்து நீங்கள் இருவரும் கடல் தாண்டி சரவாக்கிலுள்ள அந்த ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. உனக்கு யாராவது கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிடுவார்கள். நான் சொல்லப்போவதில் பாதி உனக்குத் தெரியும். மீதியையும் தெரிந்துகொள்.

உன் அப்பா ஒரு பொறாமைக்காரன். உன் அம்மா இதை முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான்தான் ஒப்புக்கொண்டதில்லை. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தபோது என்னோடு வேலைக்குச் சேர்ந்தவனுக்குப் பதவி உயர்வு வந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது, எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதெல்லாம் வெளியாள் மேல் வந்த பொறாமை. பெற்ற பெண்ணின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது அந்த பைக்கினால்தான். அதைப் பற்றி வீட்டில் நான் சொன்ன பொய்யிலிருந்து தொடங்குகிறேன்.

பர்மிங்ஹாமில் செய்த ஐந்நூறு சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. என்னைவிட வயதில் மூத்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, கல்யாணத்துக்குப் பிறகு உன் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பந்திங்கில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கு மாதம் ஒருமுறை போய்வந்தேன். நீ வயிற்றில் இருந்தபோது ஒருநாள், ஜெஞ்சாரோம் தாண்டியதும் பெட்ரோல் டாங்கியின் அடியில் கசிந்து என் கால்சட்டை நனைந்தது. வழியிலிருந்த மளிகைக் கடையில் மஞ்சள் சலவைச் சோப்பு ஒரு கட்டி வாங்கி, கசிந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். பெட்ரோலில் சோப்பு கரையாது. அந்த அடைப்பு நான்கு மாதம் தாங்கியது. இந்தக் கதையை நான் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வேன். நான் வாயைத் திறந்ததும் நீயும் அம்மாவும் சத்தமில்லாமல் கூடவே உதட்டை அசைப்பீர்கள்.

நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் வண்டி நின்றுபோனது. சாமான் கிடைக்கவில்லை, இங்கிலாந்திலேயே கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பொறி கொடுக்கும் மேக்னட்டோவைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டியவன் நான். பிஸ்டன் மேலே வருவது இரண்டு தடவை. பெட்ரோல் ஆவியை அழுத்திக்கொண்டு மேலே வருவது ஒன்று, எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு வருவது இன்னொன்று. முதலாவதில் பொறி வர வேண்டும். நான் இரண்டாவதில் வைத்து முடுக்கிவிட்டேன். எவ்வளவு உதைத்தாலும் சைலன்சர் வழியாக ஒரு வெடி வெடித்துவிட்டு வண்டி சும்மா இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உதைத்தேன். நான்காவது ஞாயிறு பழைய மேசை விரிப்பைப் போட்டு மூடி, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுப் படிக்கட்டின் அடியில் தள்ளிவிட்டேன். பதினெட்டு வருடம் அங்கேயே கிடந்தது. என் தப்பு என்று எனக்குத் தெரியும். எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை.

நீ வேலைக்குப் போன முதல் வருடம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த விரிப்பை எடுத்தாய். உனக்கு நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே கொடுப்பதற்கு. கைப்பேசியில் யாரோ எழுதிய குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பிளக்கைக் கழற்றி அந்தத் துளையைக் கட்டைவிரலால் மூடினாய். மறு கையால் உதைக்கட்டையை மெல்ல அழுத்தினாய். காற்று விரலைத் தள்ளும் நேரத்தையும் பொறி விழும்படி மேக்னட்டோவின் முனை திறக்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாய். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "அப்பா, இத கடைசியா யாரு தொட்டது? தப்பான ஸ்ட்ரோக்ல மாட்டி வச்சிருக்காங்க" என்றாய். அந்தக் கேள்வி என்னுடையது. சிக்னல் பழுதானால் நாங்கள் வயரைத் தொடுவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக இதில் கை வைத்தது யார் என்பதுதான். வீட்டில் மிக்ஸி நின்றாலும் அதைத்தான் கேட்பேன். அந்தக் கேள்வி என்னிடமே திரும்பி வந்தபோது, "யாரோ செந்தூல் மெக்கானிக்குமா" என்று சொன்னேன். அப்படி ஒரு மெக்கானிக் இருந்ததே இல்லை.

கார்புரேட்டரைக் கழுவி, டயரை மாற்றி, மேக்னட்டோவைச் சரியான இடத்தில் வைத்து, ஐந்தாவது வாரம் மூன்றாவது உதையில் வண்டியைக் கிளப்பினாய். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வெளியே வந்தார்கள். கீழ்வீட்டு ஆன்டி கை தட்டினார். நானும் தட்டினேன். உன் அம்மா அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் ஒரே காரணத்துக்காக அல்ல. பதினெட்டு வருடம் நான் தோற்றதை நீ ஐந்து வாரத்தில் முடித்துவிட்டாய் என்பது என் தொண்டையில் மீன் முள்ளாக மாட்டிக்கொண்டது. அதை விழுங்க உதவியது ஞாயிற்றுக்கிழமைகள்தான். ஒவ்வொரு ஞாயிறு காலையும் நீ கீழே வண்டியோடு உட்கார, நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து துணி எடுத்துக் கொடுப்பேன். சொட்டுகிற எண்ணெய்க்கு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுவது என் வேலை. பெரிய வேலை ஒன்றும் இல்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு உன் மாமனார் வந்தார். நிச்சயத்துக்குத் தட்டு எடுத்துக்கொண்டு வந்த மனிதர், படிக்கட்டின் அடியில் வண்டியைப் பார்த்ததும் தட்டை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியோடு அங்கேயே குந்திவிட்டார். மேலே அய்யர் காத்திருக்கிறார், மாப்பிள்ளையின் அப்பாவைக் காணோம். நான் இறங்கி வந்து பார்த்தால் நீ பட்டுப் புடவையோடு அவர் பக்கத்தில் நின்று, கார்புரேட்டரின் காற்று நெம்புகோலைக் காட்டிக்கொண்டிருக்கிறாய். "சம்பந்தி, இந்த வண்டிய உயிரோட பாத்து முப்பது வருசம் இருக்கும் லா" என்றார். துறைமுகத்துக்கு லோரி ஓட்டி, பிறகு சொந்தமாக நான்கு லோரி வைத்திருந்தவர் அவர். வீட்டுப் பின்னால் கொட்டகை, அதில் இதே மாதிரி இரண்டு பிரிட்டிஷ் வண்டி. அடுத்த வாரம் நீ அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, அவருகிட்ட விட்வொர்த் ஸ்பேனர் முழு செட்டும் இருக்கு" என்றாய். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளுக்கென்று தனி அளவு அது, மற்ற ஸ்பேனர் எதுவும் சரியாகப் பிடிக்காது. நான் ஒரே ஒரு திருகு ஸ்பேனரை வைத்துக்கொண்டு அந்த வண்டியின் நட்டு எல்லாவற்றின் முனையையும் மழுங்கடித்தவன். நீ அந்த செட்டைப் பற்றிச் சொன்னபோது உன் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, நகைக்கடையில்கூட உன்னை நான் அப்படிப் பார்த்ததில்லையே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போய்விட்டது. வாளி கவிழ்த்தபடியே கிடந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு நீங்கள் இருவரும் வந்த அன்று, திரும்பும்போது வண்டியையும் கொண்டுபோவதாக ஏற்பாடு. தாலிக்கயிற்றின் மஞ்சள்கூடக் காயவில்லை, புதுப்பெண் பைக் ஓட்டுவதா என்று பந்திங் பெரியம்மா சண்டை போட்டார். கல்யாணத்துக்கு முதல்நாளே டாங்கியை நிரப்பி வைத்திருந்தாய். அன்று காலை நீங்கள் வருவதற்கு முன் நான் வண்டியைத் துடைத்தேன். டாங்கி மூடியைத் துடைக்கும்போது அதில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருப்பது கண்ணில் பட்டது. டாங்கிக்குள் காற்று போகும் வழி அது. அது அடைபட்டால் பெட்ரோல் கொஞ்ச தூரம் இறங்கும், பிறகு உள்ளே காற்று இல்லாமல் நின்றுவிடும். சற்று நேரம் கழித்து எங்கிருந்தாவது காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். நான் குளியலறைக்குப் போய்ச் சலவைச் சோப்பை நகத்தால் சுரண்டி எடுத்து வந்து அந்தத் துளையில் அழுத்தினேன். விரலால் தடவி வழித்தேன். இவ்வளவுதான். அரை நிமிட வேலை. உன் அம்மா அன்று மாலையே, "சோப்ப யாரு நகத்தால நோண்டி வச்சது?" என்று கேட்டாள். எலியாக இருக்கும் என்றேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். வழியில் வண்டி நிற்கும், நீ எனக்குப் போன் செய்வாய், நான் வருவேன். இரண்டு நிமிடம் காதை வைத்துக் கேட்கிற மாதிரி நடித்துவிட்டு, மூடியைத் திறந்து ஊசியால் ஒரு குத்து. வண்டி ஓடும். மாப்பிள்ளை பார்ப்பார், போய் அவர் அப்பாவிடம் சொல்வார். இதுதான் என் திட்டம். நீங்கள் கிளம்பியதும் நான் கால்சட்டை மாற்றிக்கொண்டு, கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் அம்மா. "சும்மாதான்" என்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை மணி ஆயிற்று. கடைசியில் நீ கூப்பிட்டாய். "வந்து சேந்துட்டோம்பா. வண்டி பாதி வழியில, பத்து தீகா பாலத்துக்கிட்ட நின்னுருச்சு. அப்பா லோரி கொண்டாந்து ஏத்திட்டாரு, ஒன்னும் பிரச்சனை இல்ல." எந்த அப்பா என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது மடியிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

மருமகள் மாமனாரை அப்பா என்று கூப்பிடுவது நம்மில் வழக்கம்தான். உன் அம்மாவும் என் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டாள். அன்றைக்கு அவளுடைய அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க முப்பது வருடமும் ஒரு சோப்புத் துண்டும் தேவைப்பட்டிருக்கிறது.

ஆனால் அன்று நான் யோசிக்காத பெரிய விஷயம் அதுவல்ல. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குத் தனிப் பாதை. கார் உள்ளே வர முடியாது. மாப்பிள்ளை காரில் பெரிய சாலையில் போயாயிற்று, நீ தனியாக அந்தக் குறுகிய பாதையில், மழையில், பாலத்தின் அடியில் உயிரில்லாத வண்டியோடு நின்றாய். பின்னால் வருகிறவர்கள் எந்த வேகத்தில் வருவார்கள் என்று அதே பாதையில் எத்தனையோ வருடம் போய்வந்த எனக்குத் தெரியாதா? என் கற்பனையில் நீ எங்கோ நிழலில், பத்திரமான இடத்தில் நின்றிருந்தாய். உன் மாமனார் லோரியை வெளிவழியில் நிறுத்திவிட்டு, குடை இல்லாமல் உள்ளே நடந்து வந்து, உன்னோடு சேர்ந்து அந்தக் கனமான வண்டியைத் தள்ளினார் என்பதை மாப்பிள்ளைதான் பிறகு சொன்னார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பும், அவர் வந்து தள்ளிவிட்டாரே என்ற எரிச்சலும் எனக்குள் ஒரே சமயத்தில் இருந்தன. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்காதே.

இரண்டு வாரம் கழித்துக் கிள்ளானில் விருந்து. நண்டுப் பெரட்டல், சுறாப்புட்டு என்று உன் மாமியார் ஒன்றும் குறை வைக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் கொட்டகைக்குக் கூட்டிப்போனார் உன் மாமனார். வண்டி கிழித்துப் போட்ட கோழியாகக் கிடந்தது. பெட்ரோல் குழாயின் வலையைக் கழற்றியிருந்தீர்கள், கார்புரேட்டரின் மிதவையைக் கழற்றியிருந்தீர்கள், பிளக் புதிது. நீ தரையில் படுத்துக்கொண்டு தலையைத் தூக்காமல், "அப்பா, அந்த சின்ன ஸ்பேனர் குடுங்க" என்றாய். நான் கையை நீட்டினேன். ஸ்பேனர் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது, உன் கைக்கும் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. நீட்டிய கையால் நான் தலையைச் சொறிந்துகொண்டேன்.

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, நீங்க ரயில்வேல சிக்னல் பாத்தவரு. இருவது நிமிசம் ஓடுது, நிக்குது. கால் மணி நேரம் விட்டா திரும்ப ஓடுது. என்ன நெனைக்கிறீங்க?" என்றார். அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு உண்மையாகக் கேட்டார். நான் காத்திருந்த கேள்வி அது. ஆனால் அதைக் கேட்டவர் நீ இல்லை. நீ கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே மூடியைத் திறந்து காட்டியிருப்பேன், சத்தியமாக. கேட்டது அவர். "மேக்னட்டோதான். சூடு ஏறுனா உள்ள இருக்கற கண்டென்சர் படுத்துக்கும். ஆறுனா எந்திரிச்சுக்கும்" என்றேன். அதுவும் நடக்கக்கூடிய பழுதுதான், அறிகுறியும் அதேதான், அதனால் நீங்கள் இருவரும் தலையாட்டினீர்கள். வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். அன்று நண்டுப் பெரட்டலை நன்றாகத் தின்றுகொண்டே நான் அந்த வேலையைச் செய்தேன்.

இங்கிலாந்திலிருந்து கண்டென்சர் வர மூன்று வாரம். அதை ஈயம் உருக்கிப் பற்ற வைக்கும்போது உன் மாமனாருக்குக் கட்டைவிரல் சுட்டுக் கொப்புளம் கண்டது. நீ போனில் சொன்னாய். "பாத்து செய்யச் சொல்லுமா" என்று வாய் சொன்னது. கண்டென்சர் மாற்றியும் வண்டி நின்றது. அவருக்குத் தன் கையின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது என்றும், கண் சரியாகத் தெரியவில்லை, வயதாகிவிட்டது என்று புலம்புகிறார் என்றும் மாப்பிள்ளை சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஒரு கரண்டி அளவு சந்தோஷம் வந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் உன் மாமனாரே கூப்பிட்டார். "சம்பந்தி, கேட்டீங்களா? மேக்னட்டோவும் இல்ல, கண்டென்சரும் இல்ல. டாங்கி மூடி ஓட்டைய குளவி அடச்சிருச்சு லா. மருமகதான் கண்டுபிடிச்சா. வண்டி நின்ன ஒடனே மூடிய தொறந்திருக்கா, உஸ்ஸுன்னு காத்த இழுத்துச்சாம். ஒரே ஒத, பிடிச்சிக்கிச்சு. ஊசிய விட்டு நோண்டுனா குளவி மண்ணு."

"நீங்க பாத்தீங்களா, அந்த மண்ண?" என்று கேட்டேன்.

"எங்க பாக்க? நான் வர்றதுக்குள்ள கழுவித் தொடச்சிட்டா. நம்ம மேலயும் தப்பு இருக்கு சம்பந்தி, ரெண்டு பெரிய ஆளுங்க, மொதல்ல மூடிய தொறந்து பாக்கணும்னு தோணலயே" என்று சிரித்தார். நம்ம மேல என்று என்னையும் சேர்த்துக்கொண்டார் பார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு குளியலறைக்குப் போய் நின்றேன். சோப்புப் பெட்டியில் வேறு கட்டி இருந்தது. குளவி மண் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மஞ்சள் சோப்பு எப்படி இருக்கும் என்றும் தெரியும். சோப்பை வைத்து டாங்கியை அடைக்கிற ஆள் இந்த உலகத்தில் உனக்குத் தெரிந்து ஒருவன்தான். கடைசியாக யார் தொட்டது என்று நீ உன்னையே கேட்டிருப்பாய். மறுவீட்டுக்கு வந்தபோது அப்பா வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார் என்பது ஞாபகம் வந்திருக்கும்.

நீ கூப்பிட்டுச் சண்டை போடுவாய் என்று காத்திருந்தேன். நீ போடவில்லை. வந்தாய், சாப்பிட்டாய், அம்மாவோடு பாசாருக்குப் போனாய், வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. நான் இளைத்துவிட்டேன் என்று அம்மா சர்க்கரை பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். பிறகு பிந்துலு மாற்றல் வந்தது. வண்டி கிள்ளான் கொட்டகையில்தான் நிற்கப்போகிறது என்று எல்லாரும் நினைத்தோம். கூரை இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது, ஆள் இருக்கிறார். நீயோ கிளம்புவதற்கு முந்தின நாள் அதை ஓட்டிக்கொண்டு வந்து நம் படிக்கட்டின் அடியில் நிறுத்தினாய். "அங்க விடலையா?" என்று கேட்டேன். "இங்கயே இருக்கட்டும்பா. வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாய். தேய்ந்துபோன என் வலது முட்டியை வைத்துக்கொண்டு இந்த வண்டியை உதைக்க முடியாது என்று உனக்குத் தெரியும். பிறகு டாங்கி மூடியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சொன்னாய். "இத மட்டும் பாத்துக்குங்கப்பா. கிள்ளான் குளவி மண்ணுல கூடு கட்டும். பிரிக்பீல்ட்ஸ் குளவி சோப்புல கட்டுது."

நீ சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, மேலே போய் அம்மாவிடம் காபி கேட்டாய். இந்த வயதில், அவ்வளவு வெட்கத்திலும், எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவருக்குத் தெரியாத ஒன்று நம் இருவருக்கும் இடையில் இருக்கிறது என்று தோன்றியது. அது என் அயோக்கியத்தனம்தான் என்றாலும் பரவாயில்லை, நீ அதை எனக்காக மறைத்தாய், அவரிடம் பொய் சொன்னாய். உள்ளுக்குள் இனித்தது. என் பொறாமை எவ்வளவு கேவலமானது என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது அந்த இனிப்பில்தான்.

வண்டியை உதைக்க ஆள் வேண்டும். கீழ்வீட்டு ஆன்டியின் மகன் முயன்று கணுக்காலில் அடி வாங்கினான். வேறு வழியில்லாமல் உன் மாமனாருக்குப் போன் செய்தேன். எங்கள் இருவரையும் சேர்த்து வைக்க நீ செய்த வேலைதான் இது என்று எனக்குத் தெரியாதா? "வரேன் சம்பந்தி, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு அங்க இருப்பேன்" என்றார். சொன்னபடி போன ஞாயிறு கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, விட்வொர்த் ஸ்பேனரைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். கட்டைவிரலில் அந்தச் சூட்டுத் தழும்பு இருந்தது. வண்டியில் கை வைப்பதற்கு முன் சட்டைக் காலரில் குத்தி வைத்திருந்த ஒரு ஊசியை எடுத்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, மூடியின் துளையில் அதை விட்டு மெதுவாகச் சுழற்றினார். "குளவி திரும்ப வந்துருச்சான்னு பாக்கறேன் சம்பந்தி. புள்ள நம்பி விட்டுட்டுப் போயிருக்கா" என்றார். பிறகு இரண்டாவது உதையில் வண்டி பிடித்தது. என்னைப் பார்த்து, ஏதோ நாங்கள் இருவரும் சேர்ந்து சாதித்த மாதிரி, தலையாட்டினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எண்ணெய்க்கு அட்டை எடுத்து வருகிறேன் என்று மேலே போய்விட்டேன்.

ஒரு மனிதர் இல்லாத குளவிக்காக ஊசி எடுத்துக்கொண்டு ரயிலேறி வருகிறார். இதை இனி என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உன்னையும் அந்தப் பொய்யில் நிற்க வைக்க முடியாது. நீ வாழப்போன வீடு அது. அந்த வீட்டில் நீ சொன்ன முதல் பொய் என்னால் வந்ததாக இருக்கக்கூடாது. நேரில் சொல்ல எனக்குத் துணிவு இல்லை, அதனால்தான் இப்படி. உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் என்றால் ஒன்றாவது சொல்ல வேண்டும் அல்லவா. உனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஏதாவது நின்றுபோனால், கடைசியாக யார் தொட்டது என்ற என் கேள்வியைக் கேள். ஆனால் முதலில் உன் கையைப் பார்த்துக் கேள். நான் நாற்பது வருடம் அதை மற்றவர்களைப் பார்த்தே கேட்டேன்.

சம்பந்தி, இது உங்களுக்கு. அது குளவி இல்லை. நான்தான். உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் இல்லை. மருமகள் உங்களிடம் பொய் சொன்னது என் மானத்தைக் காப்பாற்ற. அவளைத் தப்பாக நினைக்காதீர்கள்.

பாப்பா, இந்த ஞாயிறு இதைப் போடுவதாகப் பத்திரிகையில் சொல்லியிருக்கிறார்கள். அவர் காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே இதைப் படித்துவிடுவார். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் ஒன்பதரைக்கே கீழே இறங்கி, அட்டையைப் போட்டு, இன்னொரு வாளியையும் கவிழ்த்து வைத்திருப்பேன். இந்த மனிதருக்காக நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கப்போகிறேன் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. பத்தேகாலுக்கு உனக்குப் போன் செய்கிறேன். எடுத்ததும் வண்டிச் சத்தம் கேட்டால், அவர் வந்துவிட்டார். என் குரல் மட்டும் கேட்டால், போனை வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் பேசு.

அப்பா